துப்பறிந்த கண் மருத்துவர்

ஓர் எழுத்தாளரின் நூல்களைக் கைக்குக் கிடைத்தபடி படிப்பது ஒரு வகை. அவை வெளியான ஆண்டு வரிசையிலேயே படிப்பது மற்றொரு வகை. முன்னதில் கதைகள் மட்டுமே தெரியும். பின்னதில், கதைகளுக்குப் பின்னால் நின்று எழுதியவரின் வாழ்க்கையும் மெல்லத் தெரியத் தொடங்கும்.

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று வரதராஜன்பேட்டைக்குத் திரும்பிய பிறகு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை அவ்வாறு வரிசையாகப் படித்து முடித்தேன். 4 நாவல்கள், 56 சிறுகதைகள் என மொத்தம் 60 படைப்புகள். 1887-இல் தொடங்கி 1927-இல் முடியும் 40 ஆண்டு உழைப்பு அது. மாணவப் பருவத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தவைதாம். ஆயினும், வரிசையாகப் படித்தபோது துப்பறிவாளரைவிட, அவரைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலே என் கருத்தைக் கவர்ந்தார். குறிப்பாக, அவர் தம் வாழ்நாளில் உண்மையாகவே துப்பறிந்த ஒரு வழக்கு. அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் இந்தியத் தந்தைக்குப் பிறந்த ஓர் இளைஞர்.

கானன் டாயில் 1859 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். தந்தை சார்லஸ் அரசு அலுவலகமொன்றில் பணியாற்றியவர். நன்றாகப் படம் வரையத் தெரிந்தவர். குடிப்பழக்கம் அவரை வீழ்த்தியது. மனநல விடுதிகளில் பல ஆண்டுகள் கழித்து, 1893-இல் காலமானார். குடும்பத்தைத் தாங்கியவர் தாய் மேரி. கதை சொல்வதில் வல்லவரான அந்தத் தாயிடமிருந்தே தமக்குக் கதை நாட்டம் வந்தது என்று டாயில் கருதினார்.

பள்ளிப் படிப்பு இயேசு சபையினர் நடத்திய ஸ்டோனிஹர்ஸ்ட் பள்ளியில். எங்கள் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழுக்குத் தொண்டாற்றிய வீரமாமுனிவர் சார்ந்திருந்த அதே சபை. பள்ளியை விட்டு வந்த சில ஆண்டுகளுக்குள் டாயில் கத்தோலிக்க நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டார். சான்று இல்லாத எதையும் ஏற்பதில்லை என்பது அன்றைய அவரது நிலைப்பாடு. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவரது பிற்கால வாழ்க்கை இதற்கு நேர்மாறாகத் திரும்பியது.

1876-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜோசப் பெல். நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவரது கை, நடை, உடை, பேச்சு வழக்கு ஆகியவற்றை நோக்கி, அவர் செய்யும் தொழிலையும் வந்த ஊரையும் சொல்லிவிடக் கூடியவர் பெல். ஹோம்ஸின் முன்மாதிரி அவரே. படிப்பின் இடையில், 1880-இல், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் மருத்துவராக ஆர்க்டிக் கடலுக்குச் சென்று வந்தார். பட்டம் பெற்றபின் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் ஒரு பயணம். பிறகு 1882-இல் போர்ட்ஸ்மவுத் நகரின் சவுத்சீ பகுதியில் தனியாக மருத்துவத் தொழில் தொடங்கினார்.

நோயாளிகள் திரண்டு வரவில்லை. ஓய்ந்திருந்த நேரத்தில் எழுதினார். 1885-இல் லூயிசா ஹாக்கின்ஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு எழுதிய முதல் ஹோம்ஸ் நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. இறுதியில் ஒரு நிறுவனம் முழு உரிமையையும் 25 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டு, 1887 கிறிஸ்துமஸ் மலரில் வெளியிட்டது. அதற்குமேல் அந்நூலிலிருந்து அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கு என்னை உறுத்தியது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொருளின் மதிப்பு தெரியாத சந்தையில், பேரம் பேசும் வலிமை உள்ளவர் பக்கமே ஆதாயம் போய்ச் சேரும் என்று வகுப்பில் சொல்வோம். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கதைமாந்தர் ஒருவரின் முதல் விலை 25 பவுண்டு என்பதைவிட நல்ல எடுத்துக்காட்டு அதற்கு வேண்டியதில்லை.

இரண்டாம் நாவல் 1890-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வந்தது. ஆக்ராப் புதையலையும் அந்தமான் சிறையையும் சுற்றிச் சுழலும் கதை அது. இந்திய வாசகர் ஒருவர் அந்நூலை இன்று படிக்கும்போது சங்கடப்படாமல் இருக்க முடியாது. அந்தமான் பழங்குடி மனிதர் ஒருவரை, உருவத்தைக் கண்டாலே அஞ்சத்தக்க கொடியவராக டாயில் அதில் தீட்டியிருக்கிறார். முகத்தைப் பார்த்தே குற்றத்தை முடிவு செய்யும் அன்றைய ஏகாதிபத்தியப் பார்வையில் அவருக்கும் பங்கு இருந்தது. வரிசையில் இரண்டாவதாக வரும் இந்நூலின் கசப்பு நெஞ்சில் தங்கியிருந்ததால்தான், பின்னர் அவர் செய்த செயலின் அளவு எனக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் டாயில் கண் மருத்துவத்தின்பால் நாட்டம் கொண்டார். போர்ட்ஸ்மவுத் கண் மருத்துவமனையில் பார்வைக் குறைகளைச் சோதித்துக் கண்ணாடி பரிந்துரைக்கும் பணியைச் செய்து பழகினார். 1891 தொடக்கத்தில் வியன்னாவுக்குச் சென்று சில வாரங்கள் சிறப்புப் பாடம் கேட்டார். லண்டன் திரும்பி, கண் மருத்துவராக அறை வாடகைக்கு எடுத்து அமர்ந்தார். நோயாளி எவரும் அவரது கதவைத் தட்டவில்லை என்று அவரே தம் வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். ஆளற்ற அந்த அறையில் அமர்ந்து எழுதத் தொடங்கிய ஹோம்ஸ் சிறுகதைகள் 1891 ஜூலை முதல் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் வரலாயின. சில மாதங்களிலேயே டாயில் மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். கண் மருத்துவராக அவர் கற்றது வீண் என்றே அப்போது எவரும் எண்ணியிருப்பர்.

கதைகளின் விலை ஏறியது. ஒரு கதைக்கு 50 பவுண்டு என்று கேட்டார், தந்தார்கள். அடுத்த 12 கதைகளுக்கு 1,000 பவுண்டு என்றார், தர மறுப்பார்கள் என்ற எண்ணத்தில், அதையும் தந்தார்கள். ஆனால், வரலாற்று நாவல்களையே தம் உண்மையான பணியாகக் கருதிய அவருக்கு ஹோம்ஸ் ஒரு சுமையாகிப் போனார். 1893 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸ் விழுந்து மறைவதாக எழுதிக் கதையை முடித்தார். அதே ஆண்டுதான் தந்தை மறைந்தார்; மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்பதும் உறுதியானது. கதையின் இருளுக்கு அந்த ஆண்டின் துயரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். லண்டனில் ஹோம்ஸ் மறைந்த மறு ஆண்டு, 1894-இல், தமிழில் துப்பறியும் கதை பிறந்தது. ‘தானவன்’ என்ற காவல் துறை நிபுணரை முன்வைத்து அதை எழுதியவர் பண்டித நடேச சாஸ்திரி. எங்கள் பகுதியும் அடங்கியிருந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சங்கேந்தியைச் சேர்ந்தவர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். டாயில் பிறந்த அதே 1859-இல் பிறந்தவர் என்பது கூடுதல் வியப்பு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அந்த வழியைப் பெருவழியாக்கினர். தேவனின் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் அதில் பின்னர் நடந்தவர்கள்.

டாயிலின் கதைக்குத் திரும்புவோம். 1900-இல் போயர் போரின்போது தென்னாப்பிரிக்கா சென்று, ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் தொண்டாற்றினார். போரில் பிரிட்டனின் செயலை ஆதரித்து நூலும் எழுதினார். 1902-இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. பேரரசின் விசுவாசமான குடிமகன் என்றே அவரை எல்லோரும் அறிந்திருந்தனர். 1901-இல் ஒரு நாவலுக்காக மீண்டும் வந்த ஹோம்ஸ், 1903-இல் நிரந்தரமாகவே உயிர்த்தெழுந்தார். அதற்கு அமெரிக்க வார இதழ் ஒன்று 13 கதைகளுக்கு 45,000 டாலர் தர முன்வந்தது ஒரு காரணம்.

இந்த இரண்டாம் வருகையின் கதைகளை வரிசையாகப் படித்தபோது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன்.

முதலாவது, 1903 நவம்பர் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்த நார்வுட் கட்டடக்காரர் பற்றிய கதை. மக்ஃபார்லேன் என்னும் இளம் வழக்குரைஞர்மீது கொலைக் குற்றம் சுமத்தப்படுகிறது. சான்றுகள் எல்லாம் அவருக்கு எதிராகவே நிற்கின்றன. காவல் அதிகாரி வெற்றிக் களிப்பில் இருக்கிறார். முதல் நாள் அந்த இடத்தில் இல்லாத ஒரு கட்டைவிரல் தடம் மறுநாள் புதிதாகத் தோன்றுவதைக் கவனித்த ஹோம்ஸ், வழக்கே புனையப்பட்டது என்று காட்டி இளைஞரை மீட்கிறார்.

இரண்டாவது, 1904 ஜூலையில் வந்த தங்க மூக்குக்கண்ணாடி பற்றிய கதை. கொலை நடந்த இடத்தில் ஒரு கண்ணாடி மட்டும் கிடைக்கிறது. அதன் வில்லைகளின் தடிமனைக் கொண்டு, கண்ணாடிக்கு உரியவர் கடுமையான கிட்டப்பார்வைக் குறை உடையவர் என்று ஹோம்ஸ் அறிகிறார். அது இல்லாமல் வழி தெரியாது தடுமாறிய அவர், வந்த வழி என்று எண்ணி வேறொரு தாழ்வாரத்தில் புகுந்துவிட்டார் என்பதிலிருந்தே உண்மை வெளிப்படுகிறது. வியன்னாவில் படித்த பாடம் கதைக்குப் பயன்பட்டது.

நார்வுட் கதை அச்சில் இருந்த அதே அக்டோபர் மாதத்தில், இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட் நகர நீதிமன்றத்தில், உண்மையான இளம் வழக்குரைஞர் ஒருவருக்கு 7 ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர் பெயர் ஜார்ஜ் எடால்ஜி. வயது 27. அவருக்காகத் துப்பறிய ஹோம்ஸ் இல்லை.

ஜார்ஜின் தந்தை சாபுர்ஜி எடால்ஜி பம்பாய்ப் பார்சி. கிறித்தவத்தைத் தழுவி இங்கிலாந்து சென்று, கிரேட் வயர்லி என்னும் சுரங்கத் தொழிலாளர் சிற்றூரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்குக் குருவாக 1876 முதல் பணியாற்றியவர். கத்தோலிக்கர் மிகுந்த எங்கள் ஊரில் குருவுக்கு மகன் என்றால் வியப்பார்கள். ஆங்கிலிக்கன் சபையில் குருக்கள் மணம் புரியலாம். சாபுர்ஜியின் மனைவி ஆங்கிலேயப் பெண்மணி. மாநிற இந்தியர் ஒருவர் தங்களுக்கு ஆன்மிகத் தலைவராக அமர்வதை ஊரில் சிலரால் பொறுக்க முடியவில்லை. பல ஆண்டுகள் அந்த வீட்டுக்கு மொட்டைக் கடிதங்கள் வந்தன. கேட்காத பொருள்கள் அவர்கள் பெயரால் வரவழைக்கப்பட்டன. இவற்றையெல்லாம் வீட்டிலிருந்த பிள்ளையே செய்திருப்பான் என்று மாவட்டக் காவல் தலைவர் ஆன்சன் நம்பினார்.

1903-இல் அவ்வூரின் வயல்களில் குதிரைகளையும் மாடுகளையும் ஆடுகளையும் எவரோ இரவில் வயிற்றைக் கிழித்துப் போட்டனர். ஆகஸ்டில் ஒரு மட்டக் குதிரை காயமுற்றதும் ஜார்ஜ் கைது செய்யப்பட்டார். ஈரமான செருப்பு, கறை படிந்த சவரக் கத்தி, மேலங்கியில் குதிரை மயிர் ஆகியவை சான்றுகளாக வைக்கப்பட்டன. மொட்டைக் கடிதங்கள் அவர் கையெழுத்தே என்று நிபுணர் ஒருவர் சாட்சியம் அளித்தார். அன்றிரவு மகன் தன்னோடு ஒரே அறையில், பூட்டிய கதவுக்குள் உறங்கினான் என்ற தந்தையின் சாட்சியம் எடுபடவில்லை. ஜார்ஜ் காவலில் இருந்தபோதே இன்னொரு குதிரை கொல்லப்பட்டதையும் நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. 10,000 பேர் கையெழுத்திட்ட மனு உள்துறைக்குச் சென்றது. 3 ஆண்டுகள் சிறையில் இருந்தபின், 1906 அக்டோபரில், காரணம் எதுவும் சொல்லப்படாமல் விடுவிக்கப்பட்டார். ஆனால், குற்றவாளி என்ற பெயர் போகவில்லை. வழக்குரைஞர் தொழிலும் திரும்பவில்லை.

அவர் மேல்முறையீடு செய்திருக்கலாமே என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அன்றைய இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமே கிடையாது. ஜூரி சொன்னால் சொன்னதுதான். ஆட்சியாளர்கள் இந்தியாவில் நடைமுறைப்படுத்தியிருந்த 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு இடம் இருந்தது. தங்கள் சொந்த நாட்டில் அதற்கு இடம் இல்லை.

1906 ஜூலையில் லூயிசா மறைந்தார். அந்தத் துயரில் எழுத்தும் ஓடாமல் இருந்த டாயிலின் பார்வைக்கு ஜார்ஜ் தம் வழக்கைப் பற்றி எழுதியவை வந்தன. நேரில் சந்திக்க லண்டன் விடுதி ஒன்றுக்கு வரச் சொன்னார். டாயில் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கூடத்தில் அமர்ந்து ஜார்ஜ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளைக் கண்ணுக்கு வெகு அருகில், சற்றுச் சாய்வாகப் பிடித்திருந்தார். தொலைவிலிருந்தே இதைக் கண்ட டாயிலுக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. கடுமையான கிட்டப்பார்வை, அதோடு உருவம் சிதறித் தெரியும் குறையும் உண்டு. இருண்ட மழை இரவில், வேலிகளையும் பள்ளங்களையும் பல வரிசைத் தண்டவாளங்களையும் கடந்து, காவலர்கள் உலவும் வயலுக்குள் புகுந்து, குதிரையைக் குத்திவிட்டுத் திரும்பும் வேலை இந்தக் கண்களால் ஆகக் கூடியதன்று.

கண் நிபுணர் ஒருவரைக் கொண்டும் சோதித்து உறுதி செய்துகொண்டார். கிரேட் வயர்லிக்குச் சென்று வயலையும் வழியையும் நடந்து பார்த்தார். செருப்பில் ஒட்டியிருந்த மண், மேலங்கி எடுத்துச் செல்லப்பட்ட முறை, கையெழுத்து நிபுணரின் நம்பகம் என ஒவ்வொரு சான்றையும் தனித்தனியே எடுத்து உரசிப் பார்த்தார். 1907 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழில் இரு பகுதிகளாக நீண்ட கட்டுரை எழுதினார். ஒவ்வொரு கதைக்கும் விலை பேசி வாங்கிய அந்த மனிதர், இந்தக் கட்டுரைக்குப் பதிப்புரிமை இல்லை என்று அறிவித்தார். எவர் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்துகொள்ளலாம். அவர் எழுதியவற்றுள் விலை வைக்காத இந்த எழுத்தே, நாட்டின் சட்டத்தை மாற்றுவதில் பங்கு கொண்டது.

கட்டுரையில் அவர் காவல் துறையின் கவனக்குறைவை மட்டும் சொல்லவில்லை. தோலின் நிறமே இந்த வழக்கின் முதல் சான்றாக இருந்தது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். இந்தியக் குருவின் மகன் என்பதால் முதலில் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தபின் அதற்கேற்பச் சான்றுகள் தேடப்பட்டன. அந்தமான் மனிதரின் முகத்திலேயே கொடுமையை எழுதிய பேனா, 17 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பார்வையையே குற்றம் சாட்டியது. பேரரசின் மீது அவர் கொண்டிருந்த பற்று கடைசி வரை குறையவில்லை. எனினும், ஒரு மனிதரை எதிரில் கண்டு, அவர் படிக்கும் விதத்தைக் கவனித்தபோது, கற்ற கல்வி நம்பிக்கையை வென்றது.

அரசு மூவர் குழுவை அமைத்தது. அவர்களுள் ஒருவர் காவல் தலைவர் ஆன்சனின் உறவினர். 1907 மே மாதம் அறிக்கை வந்தது. கால்நடையைக் காயப்படுத்திய குற்றம் நிலைக்காது. ஆனால் மொட்டைக் கடிதங்களை அவரே எழுதித் தமக்கே கேடு தேடிக்கொண்டார் என்றது அது. எனவே மன்னிப்பு உண்டு, இழப்பீடு இல்லை. செய்யாத குற்றத்துக்கு 3 ஆண்டு சிறையில் இருந்தவருக்கு அரசு வழங்கிய கணக்கு அவ்வளவே. டாயில் கொதித்தார். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கும் சட்டம் நிறைவேறியது. அடால்ஃப் பெக் என்பவர் ஆள்மாறாட்டத்தால் இருமுறை தண்டிக்கப்பட்ட வழக்கும், எடால்ஜி வழக்கும் சேர்ந்தே அதற்கு வழி திறந்தன. ஜார்ஜ் மீண்டும் வழக்குரைஞர் ஆனார். 1907 செப்டம்பரில் டாயில் ஜீன் லெக்கியை மறுமணம் செய்தபோது, விருந்தினர்களுள் ஒருவராக ஜார்ஜ் எடால்ஜி வந்திருந்தார். அவர் 1953 வரை வாழ்ந்தார்.

டாயில் அத்தோடு நிற்கவில்லை. 1909-இல் காங்கோவில் பெல்ஜிய அரசர் நடத்திய கொடுமைகளைப் பற்றி நூல் எழுதினார். அதே ஆண்டு ஆஸ்கார் ஸ்லேட்டர் என்னும் ஜெர்மானிய யூதர், கிளாஸ்கோவில் மூதாட்டி ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்தது. அவருடைய வாழ்க்கை முறை டாயிலுக்குப் பிடிக்கவில்லை. எனினும், பிடிக்காத மனிதர் என்பதும் குற்றம் செய்தவர் என்பதும் ஒன்றல்ல என்று 1912-இல் சிறுநூல் எழுதினார். ஸ்லேட்டர் விடுதலையாக 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1928-இல் தீர்ப்பு ரத்தானது. பின்னர் செலவுக் கணக்கில் இருவருக்கும் மனத்தாங்கல் வந்து பிரிந்தனர். நன்றியை எதிர்பார்த்து நீதிக்குப் போராடுபவருக்கு இதுவும் ஒரு பாடம்.

அவரது வாழ்வின் கடைசிப் பகுதியை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. இளமையில் சான்று கேட்டவர், முதல் உலகப் போர்க் காலத்தில் ஆவி உலக நம்பிக்கையை வெளிப்படையாக ஏற்றார். 1918-இல் மகன் கிங்ஸ்லியும், மறு ஆண்டு தம்பி இன்னஸும் மறைந்தபின் அது அவரது முழுநேரப் பணியாயிற்று. யார்க்‌ஷயரைச் சேர்ந்த இரு சிறுமிகள் தாங்கள் தேவதைகளைக் கண்டதாகக் காட்டிய புகைப்படங்களை உண்மை என்று நம்பி, 1920 டிசம்பர் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் எழுதினார். நேரில் சென்று விசாரிக்கும் வேலையை எட்வர்ட் கார்ட்னர் என்பவரிடம் விட்டுவிட்டார். அந்தத் தேவதைகள் தாளில் வரைந்து வெட்டப்பட்டவை என்று அந்தப் பெண்கள் முதுமையில், 1983-இல், ஒப்புக்கொண்டனர்.

எடால்ஜி வழக்கில் வயல் வரை நடந்து சென்றவர், இங்கே அடுத்தவர் சொல்லில் நின்றுவிட்டார். காண வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். 1924-இல் வந்த சசெக்ஸ் ரத்தக்காட்டேரி பற்றிய கதையில், பேய் பிசாசுக்குத் தம் தொழிலில் இடமில்லை என்று ஹோம்ஸ் தள்ளிவிடுகிறார். ஆசிரியர் ஆவிகளைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிய காலத்தில், அவர் படைத்த மனிதர் பழைய கொள்கையிலேயே உறுதியாக நிற்கிறார். தம் நம்பிக்கையை ஹோம்ஸின் தலையில் ஏற்றாத அளவுக்குத் தொழில் நேர்மை டாயிலிடம் எஞ்சியிருந்தது. 1930 ஜூலை 7 அன்று, தம் 71-ஆம் வயதில் அவர் காலமானார்.

நூறாண்டுக்கு முந்தைய இங்கிலாந்து வழக்கு நமக்கு எதற்கு என்று தோன்றலாம். எடால்ஜிக்காக லண்டனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்தது 1907-இல். அடுத்த நான்கே ஆண்டில், 1911-இல், அதே பேரரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தியது. தனியொருவர் குற்றம் செய்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை. அவர் பிறந்த குலம் அரசின் பட்டியலில் இருந்தால் போதும் என்பதே அதன் சாரம். கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். அவர்களுக்காக எழுத எந்த டாயிலும் லண்டனில் இல்லை. 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது.

சட்டம் நீங்கினாலும் பழக்கம் எளிதில் நீங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் தோப்பில் முந்திரிக் கொட்டை களவு போனால், முதலில் யாரைக் கேட்கிறோம்? கொட்டை உடைக்க வந்த வெளியூர்க் கூலியாளையும், ஊருக்கு வெளியே கூடாரம் அடித்திருப்பவரையும்தான். இன்று வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் பரவினால், காவல் நிலையம் செல்லும் முன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நம் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. அவர்களுள் எத்தனை எடால்ஜிகள் இருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துப்பறியும் கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நம் கல்வியாளரிடையே வழக்கம். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஹோம்ஸ் கதைகளில் இரண்டையும், எடால்ஜி வழக்கின் வரலாற்றையும் சேர்த்துப் பாடமாக வைத்தால் என்ன? ஒரு குற்றச்சாட்டைக் கேட்டதும், சொன்னவர் யார், அவர் கண்டது என்ன, குற்றம் சாட்டப்பட்டவரால் அதைச் செய்திருக்க முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்கும் பழக்கம் அதனால் வளரும். நாளை அவர்களுள் சிலர் காவல் அதிகாரிகளாகவும், சிலர் நீதிபதிகளாகவும், பலர் செய்தியைப் பகிரும் விரல்களுக்கு உரியவர்களாகவும் ஆகப் போகிறவர்கள். நோயாளி வராத அறையில் வீணானதாகத் தோன்றிய கண் மருத்துவம் 16 ஆண்டுகள் கழித்து ஒரு மனிதரின் மானத்தை மீட்டது. வகுப்பறையில் இன்று கற்பிக்கும் கேள்வியும், எந்த மனிதருக்கு எப்போது உதவும் என்பதை நாம் இப்போதே அறிய வேண்டியதில்லை.